சீக்கோ கட்டினவரைப் பார்த்து என்ன சிரிப்பு?

அந்தக் கலியாண வீட்டு வீடியோவை இதற்குள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள், திரும்பப் பகிர்ந்து அதைப் போட்டவருக்கு லைக் ஏற்றிவிட எனக்கு விருப்பமில்லை. சீக்கோ மணிக்கூடு கட்டியிருந்த ஒரு பெரியவரின் கையைப் பிடித்துக் கமராவுக்குக் காட்டி, "இது சவூதி டிரைவர்மார் கட்டுற சாமான், ஜப்பான்காரன் சுவிஸைப் பார்த்துக் கொப்பி அடிச்சது" என்கிறார் எங்கள் மணிக்கூட்டு நிபுணர். மண்டபமே சிரிக்கிறது.

கொப்பியாம்! குவார்ட்ஸ் என்றால் பற்றரியில் ஒரு படிகம் அதிர்ந்து நேரம் காட்டுவது. உலகத்தில் முதன்முதலில் கடைக்கு வந்த குவார்ட்ஸ் கைக்கடிகாரம் சீக்கோவின் அஸ்ட்ரோன். 1969 டிசம்பர் 25, டோக்கியோ. விலை 4,50,000 யென், அன்றைக்கு ஒரு சின்னக் கார் வாங்கும் காசு. சுவிஸ்காரரும் சும்மா இருக்கவில்லை, 1967இலேயே தங்கள் நொயெஷாத்தல் நகரில் மாதிரி செய்துவிட்டார்கள், அதை நான் மறைக்கவில்லை. ஆனால் கடைக்குக் கொண்டுவந்தது யார்? 1970இல் சுவிஸ் மணிக்கூட்டுத் தொழிலில் ஏறக்குறைய 90,000 பேர் இருந்தார்கள், எண்பதுகளின் நடுவில் 30,000 அளவுக்கு இறங்கிவிட்டது. கொப்பி அடிக்கிறவனால் இப்படி ஆட்டிவைக்க முடியுமா? அவர்களைத் திரும்பத் தூக்கிவிட்டதும் 1983இல் வந்த அவர்களுடைய மலிவு மணிக்கூடு சுவாட்ச்தான். 51 பாகங்கள், பிளாஸ்டிக் உடம்பு, உள்ளே அதே குவார்ட்ஸ். யார் யாரைப் பார்த்து எழுதினது என்று நிபுணரே சொல்லட்டும்.

பரம்பரை பற்றியும் வகுப்பெடுத்தாரே? ரோலெக்ஸ் 1905இல் லண்டனில் ஒரு ஜெர்மன்காரர் தொடங்கியது, ஜெனீவாவுக்குப் போனது பிறகு. சீக்கோவைத் தொடங்கின ஹத்தோரி கிந்தாரோ டோக்கியோவில் கடை திறந்தது 1881.

என் பெரியப்பா சவூதியில் லொறி ஓடினவர். லீவில் வரும்போது கையில் சீக்கோ 5. கிழமை அரபியில் விழும், அதை எழுத்தென்றே நாங்கள் நம்பவில்லை. பற்றரி கிடையாது, கை அசைய அசைய உள்ளே ஒரு பாரம் சுழன்று சுருளை முறுக்கும். அப்படியென்றால் அவர் ஸ்டியரிங் வளைத்த வளைப்பில்தான் அது ஓடியிருக்கிறது. வியர்வையும் திருகோணமலைக் கடல் உப்பும் செயினுக்குள் ஏறிக் கறுத்துவிடும், பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டிருப்பார். மத்திய வீதியில் மணிக்கூடு திருத்துகிற ஐயா கண்ணில் லென்ஸை மாட்டி, மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, "இதுக்கு எண்ணெய் விட்டாக் காணும்" என்று அனுப்பிவிடுவார்.

சுவிஸ் வேலைப்பாட்டின் அருமை தெரியாதவன் என்பீர்கள். சரி, அந்த நுணுக்கம் அவர்களுடையதுதான், காசுள்ளவர்கள் கட்டி அனுபவிக்கட்டும். பொறாமை என்பீர்கள். அதுவும் கொஞ்சம் இருக்கட்டும்.

"பகிடிக்குச் சொன்னதை ஏன் பெரிதாக்குகிறாய்" என்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. பகிடி என்றால் அந்தப் பெரியவரும் சிரித்திருக்க வேண்டும். வீடியோவை நிறுத்திப் பாருங்கள், அவர் சேர்ட் கையைக் கீழே இழுத்து மணிக்கூட்டை மூடுகிறார். டிரைவர் என்றால் என்ன இளக்காரம்? சண்டைக் காலத்தில் இங்கே எத்தனை வீட்டில் அடுப்பெரிந்தது அந்த டிரைவர்மார் அனுப்பின காசில்? பிள்ளைகள் டியூசனுக்குப் போனது, தங்கச்சிமாருக்குக் கலியாணம் நடந்தது, எல்லாம் யார் காசு? இதையெல்லாம் மணிக்கூட்டுச் சனலில் கேட்கக்கூடாதாம்.

சீக்கோ கொம்பனி உங்களுக்கு எவ்வளவு தருகிறது என்று நேற்று ஒருவர் இன்பொக்ஸில் கேட்டிருந்தார். ஒரு சதமும் இல்லை அண்ணை. அந்த நிபுணர் தம்பி முதலில் வீடியோவை அழிக்கட்டும், பிறகு ஆறுதலாக இருந்து குவார்ட்ஸ் பற்றிக் கதைப்போம்.