குளத்தில் விட்டால் டிரவுட் பெருகாது

"ஊட்டிப் பக்கம் இடம் இருந்தால் போதும், ஆழமாகக் குளம் வெட்டி டிரவுட் மீன்குஞ்சு விட்டால் தானாகப் பெருகிவிடும்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். வளரும், சரி. பெருகாது.

டிரவுட் ஓடும் நீரில், வாலால் கூழாங்கல்லைக் கிளறிக் குழி பறித்து முட்டையிடும் மீன். கற்களின் இடுக்கில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தால்தான் முட்டைக்கு ஆக்சிஜன் கிடைக்கும். குளத்தடியில் வண்டல் மூடி முட்டை செத்துவிடும். நீலகிரியில் 1907-இல் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் அமைத்தது சும்மா இல்லை. இங்கிலாந்தில் காசு வாங்கித் தூண்டில் போடவிடும் ஏரிகளிலும் பண்ணை மீனை வாங்கி விட்டுக்கொண்டேதான் இருக்கிறார்கள்.

ஆழமாக வெட்டினால் தண்ணீர் குளிர்ச்சியாக இருக்கும் என்பதும் பாதிதான் உண்மை. தண்ணீர் 20 டிகிரியைத் தாண்டினாலே ரெயின்போ டிரவுட் என்ற வகை இரை எடுப்பது குறையும். 25-ஐ நெருங்கினால் உயிருக்கே ஆபத்து. கோடையில் அடிநீர் குளிர்ச்சியாக இருக்கலாம், ஆனால் மேல்நீரோடு கலக்காமல் கிடந்தால் அங்கே ஆக்சிஜன் தீர்ந்துபோகும். மேலே சூடு, கீழே மூச்சுத்திணறல். மீன் எங்கே போகும்?

அதனால் பொக்லைனைக் கூப்பிடுமுன் ஏப்ரல், மே மாதங்களில் குளத்துக்கு நீர் தரும் ஓடையில் எவ்வளவு தண்ணீர் வருகிறது, என்ன வெப்பம் என்று அளந்து பாருங்கள். அப்புறம், வடிகாலில் கம்பிவலை போட மறக்காதீர்கள். போடாவிட்டால் முதல் பெருமழையிலேயே பாதி மீன் பக்கத்து ஓடைக்குப் போய்விடும்.