தர்க்கம் மட்டும் போதுமா?
அறிவியல் தர்க்கப்படி நிரூபிக்கப்பட்டது, அதனால்தான் மக்கள் அதை நம்புகிறார்கள் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. யுரேனஸ் கணக்கிட்ட பாதையை விட்டு விலகுவதைப் பார்த்து, அதற்கு அப்பால் இன்னொரு கோள் இருந்து இழுக்கிறது என்று பிரெஞ்சு வானியலாளர் லெவெரியே காகிதத்திலேயே அதன் இடத்தைக் குறித்தார். 1846 செப்டம்பர் 23 இரவு பெர்லினில் காலே என்ற வானியலாளர் தொலைநோக்கியைத் திருப்பினார். சொன்ன இடத்திலிருந்து ஒரு பாகைக்குள் நெப்டியூன் இருந்தது. சரி, அதே லெவெரியே 1859இல் அதே தர்க்கத்தைப் புதனுக்கும் போட்டார். புதனின் சுற்றுப்பாதையே மெல்ல மெல்லத் திசை திரும்புவதில் கணக்குக்கு அடங்காத சின்ன மிச்சம் ஒன்று இருந்தது, இன்றைய அளவில் நூற்றாண்டுக்கு 43 விகலை (ஒரு விகலை என்பது ஒரு பாகையில் 3600இல் ஒரு பங்கு). சூரியனுக்குப் பக்கத்தில் ஒரு கோள் இருக்க வேண்டும் என்றார். வல்கன் என்று பெயரும் வைத்துவிட்டார்கள். பல ஆண்டுகள் தேடியும் அப்படி ஒன்று கிடைக்கவே இல்லை. 1915இல் ஐன்ஸ்டீன் ஈர்ப்பைப் பற்றிய கொள்கையையே மாற்றி எழுதிய பிறகுதான் அந்த மிச்சம் தீர்ந்தது. இரண்டு முறையும் யோசித்த விதம் ஒன்றேதான், வானம்தான் வேறு வேறு பதில் சொன்னது. பள்ளியில் சொல்லிக்கொடுத்ததால் நம்புகிறோம், அவ்வளவுதான் என்று அந்தக் கட்டுரைக்குப் பதிலாக ஒருவர் எழுதியிருக்கிறார். அது பாதிதான் உண்மை. சிறுவயதில் ஒரு சூரிய கிரகணத்தன்று அட்டையில் ஊசியால் துளை போட்டு, தரையில் விழுந்த ஒளிவட்டத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். செய்தித்தாளில் போட்டிருந்த நேரம் தாண்டி ஓரிரு நிமிடத்தில் வட்டத்தின் ஓரம் லேசாகக் கடித்தெடுத்தது போல ஆனது. அந்தக் கணக்கைப் போட எனக்கு அன்றும் தெரியாது, இன்றும் தெரியாது. ஆனால் அது தப்பியிருந்தால், யாரும் சொல்லாமலே எனக்குத் தெரிந்திருக்கும்.