மோக்ஸா ரோபோவுக்குப் புள்ளியைவிட இடைவெளிதான் சவால்

சீனாவின் மோக்ஸா சூட்டு சிகிச்சையை ரோபோ செய்வது பற்றி ஒரு கட்டுரை படித்தேன். சூடு காட்ட வேண்டிய அக்குபஞ்சர் புள்ளியைக் கேமரா கண்டுபிடிப்பதையே அது பெரிதாகப் பேசுகிறது. உண்மையான சிக்கல் அதற்கு அப்புறம்தான் ஆரம்பிக்கிறது.

இந்தச் சிகிச்சையில் மாசிபத்திரி இனத்து இலையைக் காயவைத்து, பஞ்சாக இடித்துச் சுருட்டிய குச்சியைப் பற்றவைத்து, தோலுக்கு 2-3 செ.மீ. மேலே 10-15 நிமிடம் பிடிப்பார்கள். எரிய எரியக் குச்சி குட்டையாகும். ரோபோவின் கை அசையாமல் நின்றால் இடைவெளி கூடிச் சூடு குறைந்துவிடும். அதனால் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டே இருக்க வேண்டும். வயிற்றுப் புள்ளி என்றால் மூச்சோடு தோலும் ஏறி இறங்கும், அதையும் பின்தொடர வேண்டும். நுனியில் சாம்பல் சேர்ந்தால் வெப்பம் மங்கும், தட்டாமல் விட்டால் கங்கோடு நோயாளி மேலேயே விழும்.

சூட்டைத் தொடாமலே அளக்கும் அகச்சிவப்பு சென்சாரை, தோலை மட்டும் பார்க்கும்படி சாய்த்துப் பொருத்த வேண்டும். கங்கு அதன் பார்வைக்குள் வந்தால் அளவீடே தப்பு. புகையை உறிஞ்சும் குழாயிலும் கவனம் தேவை: இழுப்பு அதிகமானால் குச்சி வேகமாக எரியும்.

தோலில் உணர்வு குறைந்த நோயாளிக்குச் செய்யும்போது வைத்தியர் தன் இரு விரல்களைப் புள்ளியின் இருபுறமும் வைத்துச் சூட்டைத் தானே உணர்வார். ரோபோவுக்கு அந்த விரல்கள் இல்லை. சர்க்கரை நோயால் மரத்துப்போன கால் "சுடுது" என்று சொல்லாது. தோல் 50 டிகிரியைத் தாண்டினால் சில நிமிடங்களிலேயே வெந்துவிடும். எனவே வெப்பம் மீறினால் ரோபோவின் கையை உடனே மேலே தூக்கும் மின்சுற்று, செயற்கை நுண்ணறிவை நம்பாமல் தனியாகவே இயங்க வேண்டும்.