கண்ணாடியை அணைத்துவிட்டுப் பறப்பவர்கள்

டிசிஎஸ் வேர்ல்டு என்ற போர் விமான சிமுலேட்டருக்குப் புதிதாக வருபவர் "படம் திக்கித் திக்கி ஓடுகிறது" என்று புலம்பினால், மூத்தவர்களிடமிருந்து முதலில் வரும் யோசனைகளில் ஒன்று: காக்பிட்டில் இருக்கும் பின்னோக்குக் கண்ணாடிகளை அணைத்துவிடுங்கள். 'எம்' விசையை ஒருமுறை தட்டினால் போதும். ஹார்னெட் என்ற போர் விமானத்தின் மேற்சட்டத்தில் வரிசையாக இருக்கும் மூன்று கண்ணாடிகளும் செத்துப்போகும், விளையாட்டு கொஞ்சம் வேகம் பிடிக்கும். யோசனையில் பிழையில்லை. அதை இவ்வளவு இயல்பாக எல்லோரும் ஏற்றுக்கொண்டிருப்பதுதான் எனக்கு எரிச்சல்.

அந்தக் கண்ணாடி யாருக்கு அதிகம் வேண்டும், யாரிடமிருந்து முதலில் போகிறது என்று பாருங்கள். விஆர் எனப்படும் மெய்நிகர் காட்சி ஹெட்செட் மாட்டியவர் கழுத்தைத் திருப்பி வால் பக்கத்தைப் பார்த்துக்கொள்வார். தலையசைவைப் பின்தொடரும் கருவி வைத்திருப்பவரும் அப்படித்தான். ஒற்றை மானிட்டரை வைத்துப் பறப்பவர் பின்னால் பார்க்க விசைகளைத் தேட வேண்டும். பார்வையைத் திருப்பி மீட்பதற்குள் விமானம் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும், எதிரியும் இடம் மாறியிருப்பான். அவருக்குத்தான் கண்ணாடி உயிர். அவருடைய கணினியில்தான் அது ஓடாது.

கணினியைப் பொறுத்தவரை கண்ணாடி என்பது இன்னொரு கேமரா. முன்னால் தெரியும் நிலம், மேகம், புகை எல்லாவற்றையும் வரைந்து முடித்த கையோடு, பின்னால் இருக்கும் உலகத்தையும் ஒருமுறை வரைந்து, இடவலம் மாற்றி, அந்தச் சிறு சதுரத்தில் ஒட்ட வேண்டும். விஆரில் இரண்டு கண்களுக்கும் ஏற்கெனவே தனித்தனியாக வரைந்து திணறிக்கொண்டிருக்கும் கிராஃபிக்ஸ் கார்டுக்கு இது மேல்சுமை. இதைக் குறைக்க வழிகள் இல்லாமல் இல்லை. கண்ணாடிப் படத்தின் அளவைக் குறைக்கலாம், தொலைவில் இருக்கும் மரங்களையும் வீடுகளையும் விட்டுவிடலாம், ஒவ்வொரு ஃபிரேமுக்கும் புதுப்பிக்காமல் ஒன்றுவிட்டு ஒன்று வரையலாம். ஐஎல்-2 ஸ்டர்மோவிக் என்ற இன்னொரு சிமுலேட்டரின் கிரேட் பேட்டில்ஸ் வரிசையில் கண்ணாடியின் தரத்துக்கு என்றே படிநிலைகள் கொடுத்திருக்கிறார்கள். எனக்குப் பிடித்த ஏற்பாடு அது.

தரத்தைக் குறைத்தால் யதார்த்தம் போய்விடும் என்று ஒரு கூட்டம் உடனே கொடிபிடிக்கும். அவர்களிடம்தான் எனக்குப் பேச வேண்டும்.

இரண்டாம் உலகப்போரின் பிரிட்டிஷ் போர் விமானமான ஸ்பிட்ஃபயரில் தொடக்கத்தில் பின்னோக்குக் கண்ணாடியே கிடையாது. 1940 சண்டைகளின்போது கார்க் கண்ணாடிகளை வாங்கி காக்பிட் முன்கண்ணாடியின் சட்டத்தின் மேல் பொருத்திக்கொண்ட விமானிகள் உண்டு. பிறகுதான் அது முறையான பாகமாக வந்தது. அந்தக் கண்ணாடியில் என்ன தெரிந்திருக்கும்? பள்ளி இயற்பியலே போதும். உங்களுக்கு 300 மீட்டர் பின்னால் ஜெர்மானியப் போர் விமானமான மெஸ்ஸர்ஷ்மிட் 109 ஒன்று வருகிறது, இறக்கைகளின் மொத்த அகலம் சுமார் 10 மீட்டர். நேராகத் திரும்பிப் பார்த்தால் அது கிட்டத்தட்ட 2 பாகை அகலம், அதாவது முழுநிலவைப்போல் நான்கு மடங்கு. இப்போது 20 செ.மீ. குவியத் தொலைவு கொண்ட ஒரு குவி ஆடியைக் கண்ணிலிருந்து 60 செ.மீ. தள்ளி வைத்துக் கணக்குப் போடுங்கள். அதே விமானம் அரைப் பாகைக்குச் சுருங்கிவிடுகிறது. நான்கு நிலவு ஒரு நிலவாகிறது. அதிலும் இறக்கைதான் அந்த அகலம். நேர் பின்னால் வரும் விமானத்தின் உடற்பகுதி அதில் பத்தில் ஒரு பங்குதான்.

மனிதக் கண் கூர்மையானது, அரைப் பாகையில் ஒரு விமானத்தை அடையாளம் காணும் என்று வாதாடலாம். நிலையாக நிற்கும் கண்ணாடியில் காணும். முன்னால் பன்னிரண்டு சிலிண்டர் மெர்லின் எஞ்சின் உறுமிக்கொண்டிருக்கிறது, கண்ணாடி பொருத்தப்பட்ட சட்டமே அதிர்கிறது, விமானி திருப்பத்தின் விசையில் நாற்காலிக்குள் அமுங்கிக்கொண்டிருக்கிறார். அவருக்கு அந்தக் கண்ணாடி "பின்னால் ஏதோ இருக்கிறது" என்று சொல்லியிருக்கும். எந்த வகை, யாருடையது என்பதற்குக் கழுத்தைத்தான் திருப்பியிருக்க வேண்டும்.

சாதாரண 1920 பிக்சல் மானிட்டரில் 90 பாகைப் பார்வைக்கு அந்த அரைப் பாகை 8 பிக்சலுக்குள் அடங்கிவிடுகிறது. கண்ணாடிப் படத்தின் தரத்தைப் பாதியாக்கினால் 4 பிக்சல். கலங்கிய ஒரு கோடு. அதோடு எஞ்சின் வேகத்துக்கேற்ப ஓர் அதிர்வையும் சேர்த்துவிட்டால், பளிங்குபோல் பளபளக்கும் உயர்தரக் கண்ணாடியைவிட அது உண்மைக்கு நெருங்கி வரும். செலவும் குறைவு. ஆனால் யதார்த்தம் என்ற பெயரில் நாம் கேட்டுக்கொண்டிருப்பது, எந்தப் போர் விமானிக்கும் கிடைக்காத வரவேற்பறைக் கண்ணாடியை. அதுவும் விஆரில் இரண்டு கண்ணுக்கும் ஒரே படத்தைக் காட்டினால் ஆழமே இல்லாமல் ஒட்டிவைத்த புகைப்படம் மாதிரி இருக்கும். அதைப் பற்றி இந்தக் கூட்டம் வாய்திறப்பதில்லை.

டிசிஎஸ்ஸில் ஒவ்வொரு விமானத்தையும் மாட்யூல் என்ற தனி இணைப்பாக விற்கிறார்கள். அதில் மிக்-21 பிஸ் மாட்யூலில் தலைக்கு மேல், காக்பிட் மூடியின் உச்சியில் ஒரு சிறு பெரிஸ்கோப் இருக்கும். முதுகுத்தண்டு போன்ற மேடு பின்பார்வையை மறைப்பதால் சோவியத் பொறியாளர்கள் கண்டுபிடித்த வழி. 2025 செப்டம்பரில் சண்டிகரில் நம் விமானப்படை மிக்-21-க்கு விடைகொடுத்த பிறகு அதைப் பறக்கவிடும் ஆசை பலருக்கும் வந்திருக்கிறது. ஆசை வந்தவர்கள் விலைப் பக்கத்துக்குப் போனதும், வசதி குறைந்தவருக்கு எட்டாத அடுத்த கண்ணாடி தெரியும்.

ஹார்னெட், எஃப்-16 போன்ற மாட்யூல்களின் பட்டியல் விலை 79.99 டாலர். 2015-இல் ஒரு டாலர் 65 ரூபாய் அளவில் இருந்தது, அந்தக் கணக்கில் 5,200. இன்று 85 என்று குறைத்தே போட்டாலும் 6,800. ரூபாய் சரிந்ததால் மட்டுமே அதே டாலர் விலை நமக்கு 1,600 ரூபாய் கூடுதல். வெளிநாட்டுப் பரிமாற்றத்துக்கு வங்கி அட்டை பிடிக்கும் கட்டணம் தனி. ஒரு விமானத்துக்கு இவ்வளவு. வரைபடங்களுக்குத் தனி விலை.

2015 முதல் ஸ்டீம் என்ற இணைய விளையாட்டுக் கடையில் ரூபாயில் வாங்கலாம். ஆனால் ரூபாயில் எழுதப்பட்டிருப்பதும் ரூபாய்க்கு ஏற்ற விலையாக இருப்பதும் ஒன்றல்ல. ஸ்டீமை நடத்தும் வால்வ் நிறுவனம் நாட்டுவாரியாக விலைப் பரிந்துரை கொடுக்கிறது, அதை ஏற்பதும் ஒதுக்குவதும் விளையாட்டை உருவாக்கியவர் விருப்பம். சிமுலேட்டர் உலகம் பெரும்பாலும் ஒதுக்குகிறது என்பதுதான் என் மனக்குறை.

"மலிவாக வைத்தால் பணக்கார நாட்டுக்காரன் விபிஎன் போட்டு, அந்த நாட்டிலிருந்து வருவதுபோல் காட்டி வாங்கிவிடுவான்" என்பார்கள். துருக்கியிலும் அர்ஜென்டினாவிலும் அப்படிக் கணக்குத் திறந்தவர்கள் இருந்தது உண்மை. அந்த நாட்டுப் பணங்களும் நிலையில்லாமல் ஆடின. 2023 நவம்பரில் ஸ்டீமில் இரண்டையும் டாலர் விலைக்கு மாற்றினார்கள். விபிஎன்காரன் தன் ஊருக்குத் திரும்பிவிட்டான், இஸ்தான்புல்லில் இருக்கும் மாணவன் மாட்டிக்கொண்டான். உள்ளூர்க் கட்டண முறை இல்லாமல் இன்று ஸ்டீமில் நாட்டை மாற்றவே முடியாது. கதவுக்குப் பூட்டு ஏற்கெனவே இருக்கிறது.

இன்னொரு வாதம் இதைவிட நேர்மையானது: இது சிறிய சந்தை, ஒரு விமானத்தை உருவாக்க ஆண்டுகள் ஆகின்றன, விலை குறைத்தால் தாங்காது. உழைப்பை நான் மறுக்கவில்லை. ஆனால் இதே மாட்யூல்கள் ஆண்டுக்குப் பலமுறை தள்ளுபடிக்கு வருகின்றன, பழையவை பாதி விலைக்கே போகின்றன. அவசரக்காரனுக்கு ஒரு விலை, காத்திருப்பவனுக்கு ஒரு விலை என்று வைக்கத் தெரிந்தவர்களுக்கு, நாட்டுக்கு ஒரு விலை வைப்பது மட்டும் ஏன் கசக்கிறது? 6,800-க்கு வாங்காத ஒருவன் 2,500-க்கு வாங்கினால் அவர்களுக்கு நட்டம் எங்கே வந்தது?

பாராட்டவும் ஒன்று இருக்கிறது. டிசிஎஸ்ஸின் தனிப் பதிப்பில் (ஸ்டீம் இல்லாமல் அவர்கள் தளத்திலிருந்தே இறக்குவது) பெரும்பாலான மாட்யூல்களை 14 நாள் இலவசமாக ஓட்டிப்பார்க்கலாம். ஸ்டீமில் அந்த வசதி இல்லை. ஆனால் ஸ்டீமில் வாங்கியதைத் தனிப் பதிப்புக்குக் கொண்டுபோகலாம், மறுதிசையில் முடியாது. எனவே தனிப் பதிப்பில் ஓட்டிப்பாருங்கள், உங்கள் கணினி தாங்குகிறதா என்று தெரிந்துகொள்ளுங்கள், பிறகு தள்ளுபடி நாளில் இரண்டு கடைகளின் விலையையும் ஒப்பிட்டு வாங்குங்கள்.

அதுவும் கட்டுப்படியாகாது என்றால் ஃபால்கன் பிஎம்எஸ் என்ற எஃப்-16 சிமுலேட்டர் இருக்கிறது. 1998-இல் வந்த ஃபால்கன் 4.0 என்ற மூல விளையாட்டின் உரிமம் ஒன்று கையில் இருந்தால் போதும், மற்றதெல்லாம் ஆர்வலர்கள் இலவசமாகக் கொடுப்பது. எஃப்-16-ஐ அவ்வளவு ஆழமாகக் கற்றுக்கொடுப்பது வேறு எதுவும் இல்லை என்பது என் கட்சி. கையேடு நூற்றுக்கணக்கான பக்கம் போகும், அதைப் படிக்காமல் எஞ்சினைக்கூடக் கிளப்ப முடியாது.