ரத்தம் எடுத்த நேரம் பிற்பகல் 3.10

என் சித்தப்பா களக்காட்டில் வாழை போட்டிருந்தார். முகூர்த்த மாதங்களில் இலைக்கு நல்ல விலை கிடைக்கும். விடியுமுன்னே அறுத்துக் கட்டி, டிவிஎஸ் வண்டியின் பின்னால் ஏற்றி, நாங்குநேரிக்குக் கொண்டுபோவார். 2019 ஐப்பசியில் அப்படிப் போன ஒரு நாள், காலை 5.15 மணிக்கு, நான்குவழிச் சாலையில் பின்னால் வந்த கார் அவரை அடித்துத் தூக்கி எறிந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது உடலை எடுத்துவிட்டார்கள். கட்டுகள் பிரிந்து இலைகள் சாலையெங்கும் கிடந்தன. லாரிகள் அவற்றின்மேல் ஏறி ஏறிப் போயின. இன்றைக்கும் பந்தியில் உட்கார்ந்து இலையில் தண்ணீர் தெளிக்கும்போது அந்த நசுங்கிய பச்சை வாடை எனக்கு வருகிறது.

காரை ஓட்டியவர் ஒரு கல்யாண வீட்டிலிருந்து வந்தவர். அவரைக் காரிலிருந்து இறக்கிய டீக்கடை அண்ணாச்சி, "நிற்கவே முடியவில்லை, வாயைத் திறந்தால் சாராய நெடி" என்று சொன்னார். போலீஸ் வந்தது. ஓட்டியவரின் மாமாவும் வந்தார். கையில் அடி என்று முதலில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே கட்டுப் போட்டு, குளுக்கோஸ் ஏற்றி, படுக்கவைத்து, அதன் பிறகுதான் அரசு ஆஸ்பத்திரி. ரத்தம் எடுத்த நேரத்தை வழக்குக் கட்டில் என் கண்ணால் பார்த்தேன்: பிற்பகல் 3.10. ஆய்வக அறிக்கையில் 'ஆல்கஹால் இல்லை' என்று வந்தது.

சட்டப்படி 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் வண்டி ஓட்டுவது குற்றம். உடம்பு அதை மணிக்குச் சுமார் 15 மில்லிகிராம் வீதம் எரித்துத் தீர்க்கும். ஐந்தேகால் மணியிலிருந்து மூன்று மணி வரை கணக்குப் போட்டுப் பாருங்கள். ஏறக்குறைய பத்து மணி நேரம், 150 மில்லிகிராம். அனுமதித்த அளவைப்போல ஐந்து மடங்கு குடித்திருந்தவர்கூட அந்த நேரத்தில் சுத்தமாக வெளியே வந்துவிடலாம். அதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

டீக்கடை அண்ணாச்சி சாட்சி சொல்லத் தயாராகத்தான் இருந்தார். ஆனால் வாயில் வாடை வந்தது, நடை தள்ளாடியது என்பதை மட்டும் வைத்துக் குடித்திருந்தார் என்று முடிவு கட்ட முடியாது என உச்ச நீதிமன்றம் 1971-லேயே சொல்லிவிட்டது. ரத்தம் பேச வேண்டும். அது பேசாததால் வழக்கு அப்போதைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 304ஏ பிரிவில் நின்றது. அஜாக்கிரதையால் மரணம் விளைவித்தல். அதிகபட்சம் இரண்டு ஆண்டு, அல்லது அபராதம் மட்டும். ஜாமீனில் விடக்கூடிய பிரிவு என்பதால் ஸ்டேஷன் ஜாமீனிலேயே வீட்டுக்குப் போனார். இரண்டு வருடம் கழித்துக் குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டினார். இழப்பீட்டை இன்சூரன்ஸ் கம்பெனி கொடுத்தது. சித்தி நீதிமன்ற வாசலில் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "அஜாக்கிரதை என்றால் என்ன, ஐயா?"

எனக்குப் பதில் வரவில்லை. இப்போது சொல்கிறேன். தூக்கக் கலக்கத்தில் ஒரு நொடி கண் செருகியவன், வளைவைக் கவனிக்கத் தவறியவன், இவர்கள் செய்தது அஜாக்கிரதை. அவர்களைக் கொலைகாரர்களைப்போல நடத்தக் கூடாது என்பதில் எனக்கு இன்றும் மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் வெளியே கார் நிற்கிறது, விடியுமுன் அதை ஓட்டிக்கொண்டு போக வேண்டும் என்று தெரிந்தே குடிக்க உட்கார்ந்தவனின் செயல் அந்தச் சொல்லுக்குள் அடங்காது. போதையில் அவனுக்கு என்ன தெரியும் என்று வக்கீல் கேட்கலாம். தானாக விரும்பிக் குடித்தவனுக்கு, குடிக்காதவனுக்கு இருக்கும் அறிவு இருந்ததாகவே கொள்ள வேண்டும் என்று அந்தப் பழைய தண்டனைச் சட்டத்தின் 86-ஆவது பிரிவு சொன்னது, அதற்குப் பதிலாக 2024-இல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 24-ஆவது பிரிவும் அதையே சொல்கிறது.

உச்ச நீதிமன்றமும் இதை ஏற்றிருக்கிறது. 2006-இல் மும்பை பாந்த்ராவில் நடைபாதையில் தூங்கிய தொழிலாளர்கள்மேல் கார் ஏறி ஏழு பேர் இறந்தார்கள். ஓட்டியவர் குடித்திருந்தார். மரணம் நேரலாம் என்று அறிந்தே செய்த குற்றம் என்று பழைய சட்டத்தின் 304-ஆவது பிரிவின் இரண்டாம் பகுதியில் விதித்த தண்டனையை 2012-இல் உறுதி செய்தார்கள். கிடைத்தது மூன்று ஆண்டுதான், போதாது என்பது என் எண்ணம். இன்று அதே குற்றம் புதிய சன்ஹிதாவில் 105-ஆவது பிரிவு, பத்து ஆண்டு வரை சிறை, ஸ்டேஷனில் ஜாமீன் கிடையாது. அஜாக்கிரதைக்கான 106-இலும் இப்போது ஐந்து ஆண்டு வரை உண்டு.

ஆகவே புதுச் சட்டம் வேண்டும் என்று நான் கேட்கவில்லை. 105-இல் வழக்கு நிற்குமா, 106-இல் முடங்குமா என்பதை முதல் இரண்டு மணி நேரம் தீர்மானிக்கிறது. குடித்து ஓட்டியதாகக் கைது செய்யப்பட்டவரை இரண்டு மணி நேரத்துக்குள் மருத்துவப் பரிசோதனைக்கு உட்படுத்த வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 202-ஆவது பிரிவே சொல்கிறது. 2024-இல் புனேயில் 17 வயதுச் சிறுவன் ஓட்டிய காரில் அடிபட்டு இரண்டு பேர் இறந்தபோது, ரத்த மாதிரியை மாற்றியதாக டாக்டர்களே கைது செய்யப்பட்டார்கள். வழக்கின் உயிர் எந்தக் குப்பியில் இருக்கிறது என்று பணம் உள்ளவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. இலை விற்கப் போனவரின் வீட்டாருக்குத்தான் தெரியவில்லை. நாங்கள் அன்று காலை முழுவதும் பிணவறை வாசலில் நின்றோம். கார் ஓட்டியவர் எங்கே கிடக்கிறார், அவருக்கு ரத்தம் எடுத்தார்களா என்று எங்களில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. அந்தக் குற்றவுணர்வு எனக்கு இருக்கிறது.

உங்கள் வீட்டில் இது நடக்கக் கூடாது. நடந்துவிட்டால், அழுதுகொண்டிருப்பவர்களை அழ விடுங்கள். நிதானமாக இருக்கும் ஒருவர் ஸ்டேஷனுக்குப் போய், ஓட்டியவரை ஊதச் சொல்லுங்கள், உடனே ரத்தம் எடுங்கள் என்று மனு எழுதிக் கொடுத்து, வாங்கிக்கொண்டதற்கு நேரம் போட்டுக் கையெழுத்துக் கேட்க வேண்டும். சோதனைக்கு ஒத்துக்கொள்ள மறுத்தால் அந்த மறுப்பையும் எழுதச் சொல்ல வேண்டும். அதையும் அவருக்கு எதிராகக் கொள்ளச் சட்டத்தில் இடமுண்டு.

போன மாதம் வள்ளியூர்ப் பக்கம் என் நண்பனின் அத்தானை ஒரு வேன் அடித்தது. இரவு ஒன்பதரை மணி. எனக்குப் போன் செய்து அழுதான். "பிறகு அழலாம், முதலில் டிரைவர் எங்கே என்று பார்" என்றேன். சொன்ன எனக்கே நெஞ்சு வலித்தது. மறுபடி கூப்பிட்டபோது குப்பியில் ஒட்டியிருந்த சீட்டை எழுத்து எழுத்தாகப் படித்துக் காட்டினான். ரத்தம் எடுத்த நேரம், இரவு 10.40.