கட்டி வைத்தால் மறைத்தது, கட்டாமல் வைத்தால் மிரட்டியது

தேங்காய் வெட்டப் போகிறவன் வண்டியில் அரிவாள் இல்லாமல் வேறு என்ன இருக்கும்? இதைத்தான் நான் கேட்கிறேன். கேட்டுக் கேட்டு வாய் வலிக்கிறது.

பேராவூரணிப் பக்கம் எங்களுக்குத் தென்னைதான் சோறு. 2018 நவம்பரில் கஜா புயல் வந்து பாதி மரத்தைச் சாய்த்துவிட்டுப் போனது. மிச்சம் நின்றதையும் அப்புறம் வைத்த கன்றுகளையும் நம்பித்தான் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறோம். நாற்பத்தைந்து நாளுக்கு ஒருமுறை வெட்டு. ஏறுகிறவர்கள், பொறுக்குகிறவர்கள், மட்டை உரிக்கிறவர்கள் என்று ஆறேழு பேர் ஒரு குட்டியானையில் விடியற்காலையிலேயே கிளம்ப வேண்டும். வெயில் ஏறிவிட்டால் மரம் ஏற முடியாது. வண்டியில் அரிவாள் இருக்கும், துரட்டி இருக்கும், உரிக்கிற பாரை இருக்கும், கயிறும் சாக்கும் இருக்கும். இதெல்லாம் இல்லாமல் தோப்புக்குப் போய் மரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டா வருவது?

போன வெட்டுக்குப் பக்கத்து மாவட்டத்தில் ஒரு தோப்பு பேசியிருந்தோம். இன்னும் இருட்டு விலகவில்லை. வாகனச் சோதனையில் போலீஸ்காரர்கள் நிறுத்தினார்கள். நிறுத்தட்டும், அது அவர்கள் வேலை. சாக்கைப் பிரித்துப் பார்த்ததும் பேச்சே மாறிவிட்டது. "என்னடா இது, யாரைப் போடப் போறீங்க?" என்று எடுத்த எடுப்பிலேயே கேட்கிறார் ஒருவர். எங்கள் ஆட்களில் மூத்தவர், பேரன் பேத்தி எடுத்தவர், கைகட்டி நின்று, "தேங்காய் வெட்டப் போறோம் சார், தோப்புக்காரர்கிட்ட பேசிப் பாருங்க சார்" என்கிறார். அவரைப் போய் 'டா' போட்டுப் பேசுகிறார்கள். நான் போனை நீட்டினேன், வாங்கவில்லை. தோப்புக்காரர் மறுமுனையில் 'ஹலோ ஹலோ' என்று கத்திக்கொண்டிருக்கிறார்.

அரிவாளைச் சாக்கில் சுற்றிக் கட்டி வைத்திருந்தோம். ஏன் சுற்றுகிறோம்? குழியில் வண்டி தூக்கிப் போட்டால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன் காலில் இறங்கிவிடும் என்பதற்காக. அதைத்தான் "மறைச்சு வெச்சிருக்கீங்க" என்கிறார்கள். சரி, சுற்றாமல் வெளியே தெரிகிற மாதிரி வைத்தால்? பொது இடத்தில் ஆயுதத்தைக் காட்டி மிரட்டினான் என்று எழுதுவார்கள். கட்டினாலும் குற்றம், கட்டாவிட்டாலும் குற்றம். மரம் ஏறுகிறவன் அரிவாளை எப்படித்தான் கொண்டு போவது என்று கேட்டால், அதற்கு மட்டும் பதில் வராது.

"பிளேடு 9 இன்ச்சுக்கு மேல இருந்தாலே கேஸ் தெரியுமா?" என்று வேறு சொன்னார்கள். இதைக் கேட்டுத்தான் எனக்கு ரத்தம் கொதித்தது. அந்த 9 அங்குலக் கணக்கு ஆயுத விதிகளின் அட்டவணையில் இருப்பது உண்மை. வாள், குத்துவாள், ஈட்டி, 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்தி என்று அதில் வரிசையாக வருகிறது. ஆனால் அதே வரியிலேயே, வீட்டு உபயோகத்துக்கும் விவசாயத்துக்கும் அறிவியலுக்கும் தொழிலுக்கும் என்று செய்யப்பட்டவை நீங்கலாக என்றும் சேர்த்துத்தான் எழுதியிருக்கிறது. முன்பாதியை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டு ரோட்டில் நின்றால் எப்படி? 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டமும், ஆயுதம் என்றால் என்ன என்று சொல்கிற இடத்திலேயே, வீட்டுக்கும் விவசாயத்துக்கும் மட்டுமே ஆன பொருள்கள் இதில் சேராது என்று சொல்லிவிடுகிறது. சட்டம் எங்களை விட்டுவிட்டது. பிடித்து வைத்திருப்பது டார்ச் லைட் பிடித்த கைதான்.

அரிவாளால் கொலையே நடக்கவில்லை என்று நான் சொல்லவில்லை. தினம் பேப்பரில் படிக்கிறோம். ஓட ஓட விரட்டி வெட்டுகிறவனைப் பிடித்து உள்ளே போடுங்கள், முதல் ஆளாக நான் கைதட்டுகிறேன். 2021 செப்டம்பரில் மாநிலம் முழுக்க ரவுடி வேட்டை நடத்தி ஆயிரக்கணக்கான பேரைப் பிடித்தார்கள், ஆயிரத்துக்கும் மேல் ஆயுதங்களைப் பறிமுதல் செய்தார்கள். அப்போதுதான் கொல்லன் பட்டறைக்கும் அரிவாள் கடைக்கும் புதுக் கட்டளை வந்தது. வாங்குகிறவன் பெயர், முகவரி, போன் நம்பர், எதற்கு வாங்குகிறான் என்று எல்லாவற்றையும் எழுதி வைக்க வேண்டும், கடையில் கேமரா மாட்ட வேண்டும் என்றார்கள். நாங்கள் எதிர்ப்புச் சொன்னோமா? பட்டறையில் பெயர் கொடுத்து, நம்பர் கொடுத்து, தென்னைக்கு என்று சொல்லித்தான் வாங்குகிறோம். அப்படி எழுதி வாங்கிய அரிவாளை ரோட்டில் பார்த்ததும் யாரைப் போடப் போகிறாய் என்றால், பட்டறை நோட்டில் எழுதியதற்கு என்ன மதிப்பு?

அவர்கள் எடுத்துக்கொண்டது இரண்டு அரிவாள். வெளியில் இருப்பவருக்கு அது இரண்டு இரும்புத்துண்டு. லாரி ஸ்பிரிங் பட்டையை வாங்கிக் கொடுத்து, பட்டறையிலேயே நின்று, ஏறுகிறவன் கைக்கு ஏற்ற எடையும் வளைவும் வருகிற மாதிரி அடிக்கச் சொன்னது. பிடியில் சைக்கிள் டியூப் சுற்றியிருக்கும், வியர்வையில் வழுக்காமல் இருக்க. ஐம்பதடி உயரத்தில் ஒரு கையால் மட்டையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் குலையை வெட்டுகிறவனுக்கு அந்தப் பிடியை நம்பித்தான் உயிர். புதுசு வாங்கிக் கொடுத்தால் கை பழகவே இரண்டு வெட்டு ஆகும். அன்றைக்கு ஆள் இருந்தும் அரிவாள் இல்லாமல் பாதித் தோப்பு நின்றது. கூலி போனது, வண்டி வாடகை போனது, தோப்புக்காரரிடம் பேச்சும் வாங்கியாயிற்று.

எடுத்துக்கொண்டதற்கு ஒரு துண்டுச் சீட்டு உண்டா? இல்லை. 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கிற, போலீஸ் விசாரணையும் பறிமுதலும் எப்படி நடக்க வேண்டும் என்று சொல்கிற புதிய நாகரிக் சுரக்‌ஷா சட்டத்தின் 105ஆம் பிரிவு என்ன சொல்கிறது? ஒரு பொருளைக் கைப்பற்றினால் அதையும், பட்டியல் போடுவதையும் வீடியோ எடுத்து மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்ப வேண்டும். 106ஆம் பிரிவு, பறிமுதலை உடனே மாஜிஸ்திரேட்டுக்குத் தெரிவிக்கச் சொல்கிறது. எங்கள் விஷயத்தில் வீடியோவும் இல்லை, பட்டியலும் இல்லை. வழக்கே போடவில்லை என்றால் அரிவாளை எந்தக் கணக்கில் எடுத்தீர்கள்? வழக்கு உண்டு என்றால் எண் எங்கே?

வழக்கு போடாமல் விட்டதே பெரிய புண்ணியம் என்று ஊரில் சொல்கிறார்கள். அதுதான் இன்னும் எரிகிறது. ஐந்து பேர் சேர்ந்தாலே கூட்டுக்கொள்ளை என்ற கணக்கு வந்துவிடும். அதற்குத் தயாரானான் என்று எழுதினால் பத்து வருஷம் வரைக்கும் தண்டனை. நாங்கள் அன்றைக்கு ஏழு பேர். "பயங்கர ஆயுதங்களுடன் சந்தேகத்துக்கு இடமான வகையில் சுற்றித்திரிந்த கும்பல்" என்ற செய்திக்கு ஒரு போட்டோ மட்டும்தான் பாக்கி. கைலி கட்டிய ஏழு ஆம்பிளைகள், முன்னால் வரிசையாக அரிவாள். பார்க்கிறவன் நம்பத்தான் செய்வான். கோர்ட்டில் விடுதலை ஆகிற வரைக்கும் வாய்தாவுக்கு அலைகிற கூலிக்காரனுக்கு யார் சோறு போடுவது?

மரம் ஏறுகிறவனை அடையாளம் காண அவ்வளவு கஷ்டமா? நெஞ்சில், முழங்கையில், கணுக்காலில் மரம் தேய்த்துத் தேய்த்துத் தோல் காய்த்துக் கறுத்திருக்கும். டார்ச்சைக் கொஞ்சம் கீழே இறக்கிப் பிடித்தால் தெரியும். கத்தியோடு போகிறவன் உரிபாரையும் துரட்டியும் சேர்த்து எடுத்துக்கொண்டா போவான்? மரம் ஏற ஆள் கிடைக்கவில்லை என்று தென்னை வளர்ச்சி வாரியம் 2011இலிருந்து ஆட்களுக்குப் பயிற்சி கொடுக்கிறது, ஏறுகிறவர்களுக்கு விபத்துக் காப்பீடும் வைத்திருக்கிறது. ஒரு அரசு அலுவலகம் வா வா, இந்தத் தொழிலுக்கு வா என்று கூப்பிடுகிறது. இன்னொரு அரசு அலுவலகம் தொழிலுக்குப் போகிற வழியில் அரிவாளைப் பிடுங்குகிறது. வருகிற பையன் எப்படி வருவான்? ஏற்கெனவே இருபது வயதுக்காரன் ஒருத்தன்கூட மரத்தைத் தொடமாட்டேன் என்கிறான்.

இளநீர்க்காரர், கரும்பு வெட்டப் போகிறவர், கறிக்கடைக்காரர், வாழைத்தார் வெட்டுகிறவர் எல்லோருக்கும் இதே கதைதான். அழகர்கோயிலில் கருப்பண்ணசாமிக்கு நேர்ந்துகொண்டு அரிவாள் எடுத்துப் போகிற குடும்பங்களும் வழியில் இதே பயத்தோடுதான் போகின்றன.

நான் கேட்பது சலுகை இல்லை. எழுத்தில் ஒரு உத்தரவு போடுங்கள். தொழில் அரிவாளை வண்டியில் எப்படிச் சுற்ற வேண்டும், பெட்டியில் பூட்ட வேண்டுமா, கூடவே எந்த அட்டை வைத்திருக்க வேண்டும், உழவர் அட்டையா, பட்டறை ரசீதா, தோப்புக்காரர் கடிதமா, எது என்று சொல்லுங்கள். தமிழில் அச்சடித்து ஒவ்வொரு சோதனைச்சாவடியிலும் ஒட்டுங்கள். அதன்படி நாங்கள் நடக்கிறோம். நீட்டுகிற போனை வாங்கி ஒரு நிமிஷம் பேசுங்கள். பிடுங்கினால் ரசீது கொடுங்கள். அந்த இரண்டு அரிவாளையும் கேட்டு மனு எழுதிக் கொடுத்திருக்கிறேன், நகலில் சீலும் வாங்கி வைத்திருக்கிறேன். அடுத்த வெட்டுக்குள் வரவில்லை என்றால் மாவட்ட எஸ்பி அலுவலகத்தில் குறைதீர் நாளில் அந்த ஏழு பேரையும் கூட்டிக்கொண்டு போய் நிற்பேன்.