பதக்கத்தை மறைத்துவிட்டுக் கேளுங்கள்

"அக்கா, இதைப் படிச்சு எல்லாரும் அழுதாங்கன்னு பின்னட்டையில போட்டிருக்கு. எனக்கு அழுகையே வரல. எனக்கு ஏதாவது குறையா?"

கேட்டவளுக்கு ஒன்பது வயது. கையில் இருந்தது விருது பெற்ற ஒரு சிறார் நாவல், முன்னட்டையில் வட்டமாகத் தங்க நிற முத்திரை. புத்தகம் தனக்குப் பிடிக்கவில்லை என்று சொல்லலாம் என்பதே அவளுக்குத் தோன்றவில்லை. கோளாறு தன்னிடம்தான் என்று நினைத்துவிட்டாள். மூன்று வருடம் ஆகிறது, அந்தக் கேள்வி இன்னும் என் மனசை விட்டுப் போகவில்லை. இந்தப் பதிவே அவளுக்கு அன்றைக்கு நான் சொல்லத் தவறிய பதில்தான்.

சனிக்கிழமை மாலைகளில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளோடு உட்கார்ந்து புத்தகம் படித்துப் பேசுகிறேன். 7 வயதிலிருந்து 13 வயது வரை இருக்கிறார்கள். ஆரம்பத்தில் விருது வாங்கிய புத்தகங்களாகப் பார்த்துத்தான் எடுத்தேன். எதைக் கொடுப்பது என்று தெரியாமல் நிற்கும்போது விருதுப் பட்டியல் பெரிய உதவி. அதில் தப்பில்லை, இன்றைக்கும் அப்படித்தான் எடுக்கிறேன். தப்பு அதற்கு அப்புறம் நடந்தது.

ஒரு பையன், "பாதிக்கு மேல ரொம்ப போர் அடிக்குது" என்றான். "இது எவ்வளவு பெரிய விருது வாங்கின புத்தகம் தெரியுமா? பொறுமையா இன்னொரு தடவை படிச்சுப் பாரு" என்றேன். அதட்டவில்லை, அன்பாகத்தான் சொன்னேன். ஆனால் அதற்குப் பிறகு ஒரு மாதம் எங்கள் வட்டத்தில் யாருக்கும் எந்தப் புத்தகமும் பிடிக்காமல் போகவில்லை. எல்லாமே "சூப்பர்", எல்லாமே "நல்லா இருந்துச்சு". புத்தகத்தை விட்டுவிட்டு என் முகத்தைப் படிக்க ஆரம்பித்திருந்தார்கள்.

சரி, இந்த விருதுகளை யார் கொடுக்கிறார்கள்? சிறார் நூல்களுக்கென்று உலகில் முதலில் ஏற்பட்டது நியூபெரி பதக்கம். அமெரிக்க நூலகச் சங்கம் 1922 முதல் கொடுத்து வருகிறது. 18ஆம் நூற்றாண்டில் லண்டனில் சிறுவர்களுக்காகப் புத்தகம் போட்டு விற்ற ஜான் நியூபெரியின் பெயரில் உள்ளது. பிரிட்டனின் கார்னகி பதக்கம் 1936இல் ஏற்பட்டது, ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் விருது 1956இல். சாகித்திய அகாதெமியின் பால சாகித்திய புரஸ்கார் 2010இல்தான் வந்தது. எல்லாவற்றிலும் புத்தகம் பிள்ளைகளுக்கு, தீர்ப்பு பெரியவர்களுடையது. நியூபெரி விதிமுறையில் ஒரு வரி இருக்கிறது: இந்தப் பதக்கம் நீதி போதனைக்காகவோ, எத்தனை பேருக்குப் பிடித்திருக்கிறது என்பதற்காகவோ அல்ல, இலக்கியத் தரத்துக்காகத் தரப்படுகிறது. ஒளிவுமறைவில்லாத விதி. நான் அதை மதிக்கிறேன். ஆனால் அந்த வரி அட்டையில் இருப்பதில்லை. முத்திரை மட்டும்தான் இருக்கிறது. அதைப் பார்க்கிற பிள்ளை, 'இது எனக்குப் பிடித்தே ஆக வேண்டும்' என்று எடுத்துக்கொள்கிறது.

பெரியவர்கள் தீர்ப்பும் பிள்ளைகள் தீர்ப்பும் எப்படி வேறுபடும் என்பதற்கு 1997 நல்ல உதாரணம். ஹாரி பாட்டர் முதல் புத்தகம் அந்த ஆண்டு வந்தது. நூலகர்கள் தேர்வு செய்யும் கார்னகி பதக்கம் அந்த ஆண்டு டிம் பௌலரின் நாவலுக்குப் போயிற்று. பிள்ளைகளும் சேர்ந்து முடிவு செய்த, பிரிட்டனின் இன்னொரு சிறார் நூல் பரிசான ஸ்மார்ட்டீஸ் பரிசில் 9 முதல் 11 வயதுப் பிரிவின் தங்கம் ஹாரி பாட்டருக்கு. உடனே சிலர், "பார்த்தீர்களா, நடுவர்களுக்கு ஒன்றும் தெரியாது" என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பௌலரின் நாவல், தாத்தா சாகப்போகிறார் என்று தெரிந்த ஒரு பெண்ணின் கதை. வாக்கெடுப்பு வைத்தால் அப்படிப்பட்ட புத்தகம் முன்னால் வருவது கஷ்டம். அதைத் தேடி எடுத்து, "இதையும் பாரு" என்று நீட்டுவதற்குப் படித்த பெரியவர் ஒருவர் வேண்டும். விருதைப் பிள்ளைகள் கையில் மொத்தமாகக் கொடுத்துவிடுங்கள் என்று நான் கேட்கவில்லை. நீட்டிய பிறகு அவர்கள் சொல்வதைக் காது கொடுத்துக் கேளுங்கள் என்கிறேன்.

கேட்கிற இடங்களும் இருக்கின்றன. பிரான்ஸில் 1988 முதல் 'அன்கொருப்தீப்ல்' என்றொரு பரிசு நடக்கிறது. விலைபோகாதவர்கள் என்று அர்த்தம். அங்கே விலைபோகாதவர்கள் யார் என்றால் மழலையர் பள்ளியிலிருந்து மேல்நிலைப் பள்ளி வரை படிக்கும் பிள்ளைகள்! தேர்வான புத்தகங்களைப் படிப்பேன், ஒவ்வொன்றைப் பற்றியும் எனக்கென்று ஒரு கருத்தை உருவாக்கிக்கொள்வேன், பிடித்ததற்கு வாக்களிப்பேன் என்று உறுதி எடுத்துக்கொண்டு சேர்கிறார்கள். ஜெர்மனியின் சிறார் இலக்கிய விருதில் 2003 முதல் இளம் வாசகர்களின் நடுவர் குழு தனியாக ஒரு பரிசைத் தேர்வு செய்கிறது. கார்னகி பதக்கத்தின் இறுதிப் பட்டியலையும் பள்ளிகளிலும் நூலகங்களிலும் பிள்ளைகள் குழுவாகப் படித்து, மதிப்புரை எழுதித் தங்கள் தேர்வைச் சொல்கிறார்கள்.

இன்னும் பழைய கதை ஒன்று எனக்கு ரொம்பப் பிடிக்கும். 1936இல் ஆங்கில எழுத்தாளர் டோல்கீனின் 'ஹாபிட்' என்ற சிறுவர் நாவலின் கையெழுத்துப் பிரதி பதிப்பாளர் ஸ்டான்லி அன்வினிடம் வந்தது. சிறுவர் புத்தகத்துக்குச் சிறுவர்தான் நடுவர் என்று நினைத்தவர் அவர். பத்து வயது மகன் ரெய்னரிடம் கொடுத்தார், கூலி ஒரு ஷில்லிங். பையன் எழுதிக் கொடுத்த சின்னக் குறிப்பின் சாரம் இதுதான்: வரைபடங்கள் இருப்பதால் வேறு படங்கள் தேவையில்லை, நல்ல புத்தகம், 5 முதல் 9 வயது வரை உள்ள எல்லாருக்கும் பிடிக்கும். பத்து வயதுக்காரனின் கணக்கு அது. அடுத்த ஆண்டே புத்தகம் வெளிவந்தது. அந்தக் குறிப்பில் கதையின் நீதி என்ன என்று ஒரு வார்த்தை கூட இல்லை, கவனியுங்கள்.

எங்கள் வட்டத்துக்கு வருகிறேன். அந்த ஒரு மாத மௌனத்துக்குப் பிறகு, புத்தகங்களுக்கெல்லாம் காகித அட்டை போட்டுக் கொடுக்க ஆரம்பித்தேன். முத்திரை தெரியாது, பின்னட்டைப் புகழ் வார்த்தைகளும் தெரியாது. எது விருது வாங்கியது, எது வாங்கவில்லை என்று பேசி முடித்த பிறகுதான் சொல்வேன். இரண்டு வாரம் தயங்கினார்கள். அப்புறம் வாய் திறந்தார்கள்.

ஒரு பன்னிரண்டு வயதுப் பெண், நாலைந்து புத்தகங்கள் ஆன பிறகு கேட்டாள்: "விருது வாங்கணும்னா கதையில யாராவது செத்தே ஆகணுமா?" நான் சிரிக்கவில்லை. எல்லாரும் சேர்ந்து அதுவரை படித்த விருதுப் புத்தகங்களை அடுக்கிவைத்துப் பார்த்தோம். பாட்டி, நாய், அண்ணன், நண்பன் என்று பாதிக்கு மேல் யாரோ ஒருவர் போய்ச் சேர்ந்திருந்தார்கள். அவள் விடவில்லை. "இதுல அண்ணன் செத்தது கதைக்குத் தேவை. அதுல நாய் செத்தது நம்மள அழ வைக்கிறதுக்காக" என்று பிரித்துச் சொன்னாள். தேவையான சாவு, தேவையில்லாத சாவு. ஒரு விமர்சகர் இரண்டு பக்கம் எழுத வேண்டியதை இரண்டு வாக்கியத்தில் முடித்துவிட்டாள்.

இன்னொருவன், எட்டு வயது. கதையில் அவன் வயதுப் பையன் ஒருவன் வருகிறான். "இவன் ஏன் டீச்சர் மாதிரியே பேசறான்?" என்று கேட்டான். அந்தப் பையன் வாயைத் திறந்தாலே மரம் வளர்ப்பது, உண்மை பேசுவது, பெரியவர்களை மதிப்பது. நான் அதே புத்தகத்தை இரண்டு தடவை படித்திருந்தேன். எனக்கு உறுத்தவில்லை. ஏனென்றால் அவன் எனக்குப் பிடித்த மாதிரி பேசினான். தமிழில் பிள்ளைகளுக்கு எழுதுகிற ஒவ்வொருவரும் அந்தக் கேள்வியை எழுதி மேசைக்கு மேலே ஒட்டிவைத்துக்கொள்ளலாம்.

அப்புறம் ஒரு படக்கதைப் புத்தகம். எழுத்துக்கூட்டிப் படிக்கவே சிரமப்படுகிற ஒரு பிள்ளை, வார்த்தைகளை விட்டுவிட்டுப் படங்களை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தது. "பூனை எங்க போச்சு?" என்றது. என்ன பூனை? எல்லாப் பக்கத்திலும் மூலையில் சின்னதாக ஒரு பூனை இருந்திருக்கிறது, கடைசிப் பக்கத்தில் மட்டும் இல்லை. நாங்கள் அத்தனை பேரும் முதல் பக்கத்திலிருந்து திரும்பப் பார்த்தோம். அந்தப் பூனையைச் சேர்த்துப் பார்த்தால் கதையின் முடிவே வேறாகிவிடுகிறது. படிக்கத் தெரியாதவன் என்று நாங்கள் ஓரமாக உட்கார வைத்திருந்த பிள்ளை அன்றைக்கு எங்கள் எல்லாருக்கும் படிக்கக் கற்றுக்கொடுத்தது.

இந்தக் குரல்கள் ஏன் வெளியே வருவதில்லை? நாம் கேட்கும் கேள்வி அப்படி. "இந்தக் கதையிலிருந்து என்ன கத்துக்கிட்ட?" இதைவிடப் புத்தகத்துக்குக் கேடு செய்யும் கேள்வி எனக்குத் தெரியவில்லை. பிள்ளை உடனே பரீட்சைக்குத் தயாராகிவிடும். "பொய் சொல்லக் கூடாது", "ஒற்றுமையே பலம்". கதை அங்கேயே செத்துவிடும். ஒருமுறை வந்திருந்த பெரியவர் ஒருவர் இதே கேள்வியைக் கேட்டபோது ஒரு சிறுமி, "எதுவும் கத்துக்கல. ஆனா அந்தக் கிழவி வீட்ல ஒரு நாள் இருக்கணும் போல இருக்கு" என்றாள். அவருக்கு ஏமாற்றம். எழுதியவர் அந்த இடத்தில் இருந்திருந்தால் அவருக்கு அதைவிட வேறு என்ன வேண்டியிருந்திருக்கும்?

இணையத்தில் பிள்ளைகள் புத்தகம் பற்றிப் பேசும் காணொளிகளைத் தேடித் தேடிப் பார்க்கிறேன். நல்ல முயற்சிதான், பெற்றோரின் ஆசையும் புரிகிறது. ஆனால் பலவற்றில் ஒரே வாசகம்: "ஆசிரியர் மிக அருமையாக எழுதியுள்ளார், அனைவரும் படிக்க வேண்டிய நூல்." ஆறு வயதுப் பிள்ளை எங்கேயாவது 'எழுதியுள்ளார்' என்று பேசுமா? கேமராவுக்குப் பின்னால் யாரோ உதடு அசைக்கிறார்கள், பிள்ளையின் கண் அங்கேயே நிற்கிறது. அப்படிப் பேசி வாங்கிய பாராட்டு அந்தப் பிள்ளைக்குக் கற்றுத் தருவது ஒன்றுதான்: உனக்குத் தோன்றியது வேண்டாம், நாங்கள் சொல்லச் சொன்னதைச் சொல். இதைக் கோபத்தில் எழுதவில்லை. நானும் ஒரு மாதம் அதையே செய்தேன் என்பதால் எழுதுகிறேன்.

எப்படிக் கேட்பது என்பதை நான் எய்டன் சேம்பர்ஸிடம் கற்றுக்கொண்டேன். கார்னகி பதக்கமும் ஆண்டர்சன் விருதும் வாங்கிய பிரிட்டிஷ் எழுத்தாளர், ஆசிரியராக இருந்தவர். பிள்ளைகளிடம் 'ஏன்?' என்று கேட்காதீர்கள், அது விசாரணை மாதிரி இருக்கும், 'சொல்லு' என்று தொடங்குங்கள் என்பார். நாலே விஷயம். எது பிடித்தது, எது பிடிக்கவில்லை, எது புரியவில்லை, எது திரும்பத் திரும்ப வந்தது. புரியாததைக் கேட்பதுதான் எனக்குத் தங்கச் சுரங்கமாக இருந்திருக்கிறது. பிடிக்கவில்லை என்று சொல்லத் தயங்கும் பிள்ளைகூட, புரியவில்லை என்பதைக் கூச்சமில்லாமல் சொல்கிறது, எல்லாருக்கும் புரியவில்லை என்று தெரிந்தால். பூனை அப்படித்தான் கிடைத்தது.

பாதியில் நிறுத்தும் உரிமையையும் கொடுத்திருக்கிறேன். பிரெஞ்சு எழுத்தாளர் தானியேல் பெனாக் 1992இல் வாசகரின் பத்து உரிமைகள் என்று பட்டியல் போட்டபோது மூன்றாவதாக வைத்தது அதைத்தான். எங்கள் வட்டத்தில் ஒரே நிபந்தனை, எந்தப் பக்கத்தில் நிறுத்தினாய் என்று சொல்ல வேண்டும். "இப்படி விட்டா எதையும் முழுசாப் படிக்க மாட்டாங்களே" என்று பெற்றோர் கவலைப்படுகிறார்கள். நான் பார்த்தவரை நடப்பது வேறு. நிறுத்திய பக்கத்தைச் சொல்லிவிட்டால் அடுத்த பிள்ளை, "அதுக்கு அடுத்த பக்கத்துலதானே விஷயமே இருக்கு" என்று குதிக்கும். பாதிப் பேர் திரும்பப் போய்ப் படிக்கிறார்கள். மீதிப் பேர் போவதில்லை, பரவாயில்லை.

தன்னைப் பாதிக்கும் விஷயங்களில் தன் கருத்தைச் சொல்லவும் அது மதிக்கப்படவும் குழந்தைக்கு உரிமை உண்டு என்று 1989இல் ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கை 12ஆம் பிரிவில் எழுதிவைத்தது. வழக்கு, காவல், பள்ளி என்று பெரிய விஷயங்களுக்குத்தான் அதை எடுத்துக் காட்டுவார்கள். ஒரு பிள்ளைக்காகவே எழுதி, பிள்ளைக்காகவே அச்சிட்டு, பிள்ளைக்காகவே பதக்கம் கொடுத்த புத்தகத்தைப் பற்றிக்கூட அந்தப் பிள்ளையின் கருத்தைக் கேட்கவில்லை என்றால் வேறு எதில் கேட்கப்போகிறோம்?

அழுகை வரவில்லை என்று கேட்டவளுக்கு இப்போது பன்னிரண்டு வயது. போன சனிக்கிழமை ஒரு புத்தகத்தை என் முன்னால் வைத்து, "67ஆம் பக்கத்துல நிறுத்திட்டேன்" என்றாள். அத்தனை வருஷம் பேசாமல் இருந்த அப்பாவை அந்த அம்மா ஒரே பாராவில் மன்னித்துவிடுகிறாளாம். "எங்க வீட்ல எல்லாம் ஒரு சின்னச் சண்டைக்கே மூணு நாள் ஆகும்." பக்கத்தில் இருந்தவன், அந்த அம்மா மன்னிக்கவே இல்லை, சாப்பாடு மட்டும்தான் போட்டாள் என்று சொல்லிப் புத்தகத்தைப் பிடுங்கி அந்தப் பத்தியைச் சத்தமாகப் படித்தான். இரண்டு பேருக்கும் முடிவு ஆகவில்லை. வீட்டுக்குப் போகிற நேரம் வந்துவிட்டது. புத்தகத்தை யார் எடுத்துக்கொண்டு போவது என்று வாசல் வரை சண்டை. விருது வாங்கிய புத்தகமா என்று கேட்க இரண்டு பேருமே மறந்துவிட்டார்கள்.